பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது தானமில்லை.
ஒரு கோடியே நாற்பது லட்சம் துக்ரிக்,
ஏழு வருஷத்து இரவு வேலை.
பார்க்கத்தான் செய்வேன்.

உலான்பாதரில் ஜனவரி. மைனஸ் இருபத்தெட்டு.
கரிப்புகையில் சந்தையின் மறுமுனை தெரியவில்லை.
ஜப்பானில் கழித்துக்கட்டிய பிரியஸ்கள்
தோளோடு தோள் உரசி நின்றன.
எல்லாவற்றுக்கும் ஸ்டீயரிங் வலப்பக்கம்.
எங்கள் சாலைக்கு அது தப்பான பக்கம்.
பழகிவிட்டோம்.

புரெவ்தக்வா வெள்ளை வண்டியைக் காட்டினான்.
தலைவாரிக்கொள்ளலாம், அத்தனை பளபளப்பு.
"ஒரே ஒரு கிழவர், அக்கா.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பார்."
இந்தச் சந்தையில் நிற்கிற எல்லா வண்டியையும்
அதே கிழவர்தான் ஓட்டியிருக்கிறார்.
பாவம்,
எத்தனை ஞாயிறு அவருக்கு.

நான் எக்ஸ்ரே அறையில் இருப்பவள்.
எங்கே வலிக்கிறது என்று கேட்டால்
ஒன்றுமில்லை என்று சிரிப்பவரைத்தான்
முதலில் படுக்க வைப்போம்.

கையுறையைக் கழற்றி பானெட்டைத் தொட்டேன்.
வெதுவெதுப்பு.
நான் வருமுன்பே யாரோ எழுப்பி, முகம் கழுவி
உட்கார வைத்திருக்கிறார்கள்.
குளிர்சாதனப்பெட்டிக் கதவிலிருந்து எடுத்து வந்த
ஆட்டுக்குட்டிக் காந்தம்
முன்கதவில் ஒட்டியது,
பின்சக்கரத்தின் மேலே ஒட்டாமல்
பனியில் விழுந்தது.
வண்ணத்துக்கு அடியில் இரும்பில்லை, பூச்சு.
மீட்டர் அறுபத்தோராயிரம் என்றது.
பிரேக் மிதியின் ரப்பரோ
இரண்டு லட்சம் தடவை மிதிபட்ட முகத்தோடு
மேலே பார்த்தது.

கடைசியாக சீட் பெல்ட்.
முழுக்க, இனி வராது என்னும்வரை இழுத்தேன்.
யாரும் கழுவ நினைக்காத அந்தக் கடைசி முழத்தில்
ஒரு சேற்றுக்கோடு,
நேர்க்கோடு.
எந்த ஊர் ஆறோ
இந்த இருக்கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"சின்னக் கறை அக்கா, டீ."
ஆமாம், என்றேன். நிறைய டீ.

நான்கு வரிசை தள்ளி ஹாஜித்மாவின் சாம்பல் வண்டி.
அவளுக்கு விற்கிற வாயே இல்லை.
இடதுகதவு நசுங்கியிருந்தது. "வரும்போதே அப்படி," என்றாள்.
பேட்டரி? உதட்டைப் பிதுக்கினாள்.
நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறேன்,
நான் வரும்வரை சாவியைத் தொடாதே என்றேன்.
"ஆறுக்கா?" என்று அலுத்துக்கொண்டாள்.
ஆனால் தொடவில்லை.

மறுநாள் இருட்டில் அது இருமியது.
இன்னொரு இருமல்.
மூன்றாவதில் எழுந்தது.
திரையில் ஒரு பெண்குரல் பணிவாக
ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது.
"தினமும் இதேதான் சொல்கிறாள்,
எனக்கும் தெரியாது," என்றாள் ஹாஜித்மா.

துரு பார்க்க விரிப்பைத் தூக்கினேன்.
துரு இல்லை.
ஓரத்தில் ஒரு பல்.
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பால்பல்.
எங்கள் ஊரில் அதைக் கொழுப்பில் பொதிந்து
நாய்க்குக் கொடுப்பார்கள்.
அங்கே என்ன செய்வார்களோ.
பின்சீட்டில் ஒரு பிள்ளை அழுதிருக்கும்,
வண்டியை ஓரங்கட்டித் தேடியிருப்பார்கள்,
கிடைக்காமல் போயிருக்கும்.

பல்லைப் பிடித்துப் பார்த்தேன்.

பார்த்துவிட்டு
பேட்டரிக்காகப் பதினைந்து லட்சம் குறைக்கச் சொன்னேன்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
அவள் பத்து குறைத்தாள்.
இரண்டு பேருக்கும் கால் மரத்துப்போயிருந்தது,
அதோடு விட்டோம்.

டயர்களுக்குப் பால் தெளித்தேன், வழக்கம்.
வழிந்து தரை தொடுமுன்
நான்கிலும் உறைந்து நின்றது.

இப்போது இரவில் அதற்கு
கம்பளிப் போர்வை போர்த்துகிறேன்.
அடுத்த குளிர்காலத்துக்குள் பேட்டரி போகும்,
அதற்கென்று ஒரு உறையில் பணம் சேர்கிறது.
பல், சில்லறைத் தட்டில்.
காலையில் அந்தக் குரல் ஏதோ கேட்கிறது.
ஒருநாள் என்னையும் அறியாமல்
"இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது" என்றேன்.